விதைக்கு விட்ட வெண்டை

ஒரு தெருவுக்கே பொதுவாக ஒரு தோட்டம் இருந்தது. காய்கறிக் கடைக்குப் போவதை விட்டவர்கள் அங்கே தங்கள் பங்கைத் தாங்களே பறித்துக்கொள்வார்கள். அதில் ஒரே ஒரு வெண்டைக்காயை விதைக்கென்று விட்டு, அடையாளமாகக் காம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு அதன் வயிற்றிலிருந்த விதையைத்தான் நம்பியிருந்தார்கள்.

அன்று காற்றில் துணி அவிழ்ந்து பறந்துவிட்டது. வெண்டைக்குக் குலை நடுங்கியது.

"ஏ கிழவி, ஏன் இப்படி உதறுறே?" என்று பக்கத்துப் பிஞ்சு சிரித்தது. "நீ போனா விதைப் பாக்கெட் வாங்கிக்குவாங்க."

"அதுக்கு மறுபடியும் கடை வாசல்லயா போய் நிக்கணும்? அதை விட்டுத்தானே இங்க வந்தாங்க? உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

பிஞ்சு வாய் திறப்பதற்குள் படல் திறந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கூடையோடு வந்தாள். அவள் கைக்கு மட்டும் கடைப் பழக்கம் போகவில்லை. கண்ணில் பட்ட வெண்டையின் நுனியையெல்லாம் படக் படக்கென்று ஒடித்துப் பார்த்தாள். ஒடிந்ததெல்லாம் கூடைக்குள் போனது.

விரல்கள் விதை வெண்டையை நெருங்கின. அவள் நுனியைப் பிடித்து வளைத்தாள். இன்னும் அழுத்தி வளைத்தாள். நார் நாராக வலித்ததே தவிர, ஒடியவில்லை.

"சீ, முத்தல்!" என்று விட்டுவிட்டாள்.

பிஞ்சு வெளிறிப்போனது.

"அக்கா, நானும் முத்தல்தான்னு சொல்லுங்கக்கா!"

அதற்குள் விரல்கள் அதன் நுனிக்கு வந்திருந்தன.