புழு இல்லாத மீன்

காசிமேட்டு மீன் சந்தையில் பக்தவச்சலம் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

துறைமுகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்து ரிட்டயர் ஆனவர். மீனையும் அப்படித்தான் பார்ப்பார், எதையாவது சொல்லித் திருப்பி அனுப்புவதற்காக.

செவுள் நல்ல சிவப்பு. சொல்ல ஒன்றுமில்லை. மீன்காரி தாயம்மா கத்தியைக் கையில் எடுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஷிபின் லென்ஸோடு குனிந்தான்.

மீன் செவுளில் ஒட்டிக்கொண்டு வாழும் தட்டைப்புழுக்களைப் பற்றி அவன் மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்கிறான். நாகர்கோவிலில் அவன் அப்பா இதை யாரிடமும் சொல்வதில்லை. மீன் செத்துக் கொஞ்ச நேரத்தில் புழுவும் செத்துவிடும். அவனுக்கு வேண்டியதோ உயிருள்ள புழு. இந்த மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் பட்டம் கிடையாது. சந்தையில் அவனைச் செவுளைத் தொட விடுகிற ஒரே ஆள் தாயம்மா.

குருணை அளவில் ஒன்று நெளிந்தது.

“புழு! உயிரோட இருக்கு!” என்று கத்திவிட்டான்.

பக்தவச்சலம் மீனைத் தொட்ட கையைத் தாயம்மாவின் தண்ணீரிலேயே கழுவினார். செவுளை யாரும் தின்பதில்லை, பூனைக்குத்தான் போடுவார்கள் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு கௌரவம் இருக்கிறதே.

நேராகப் பக்கத்துக் கூடைக்காரி ரோசியிடம் போனார். அவளும் தாயம்மாவும் காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை.

ரோசியிடம் இருந்த வால் கிழிந்த வஞ்சிரத்தை ஷிபின் மூன்று நாளாக அதே ஐஸில் பார்க்கிறான். பக்தவச்சலம் இப்போது நிறத்தையா பார்த்தார்? புழு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இல்லை.

“சார், அதுல புழு இல்லாததுக்குக் காரணமே...”

“ஏம்ப்பா, இல்லன்னா அதுவும் குத்தமா?”

பேரம்கூடப் பேசாமல் முழு மீனையும் வாங்கினார். சுத்தமாக வியாபாரம் செய்கிறாள் என்று ரோசியைப் பாராட்டிவிட்டு வேறு போனார்.

ஷிபினுக்கு அழுகையே வந்துவிட்டது. தாயம்மாவின் வியாபாரமும் போச்சு, இனி செவுளைத் தொட விடமாட்டாள், தன் பட்டமும் போச்சு. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் தலை குனிந்து நின்றான்.

ரோசி மீன் தீர்ந்து ஐஸ் மட்டும் இருந்த கூடையைத் தூக்கிவந்து தாயம்மாவின் பக்கத்தில் வைத்தாள்.

“அத்தே, பழசு வித்துப் பூட்ச்சி.”

தாயம்மா புழு நெளியும் செவுளை அறுத்து, ஷிபின் கையில் வைத்தாள்.

“நாளிக்கும் வா நைனா. இன்னும் கொஞ்சம் சவுண்டா சொல்லு.”

சொல்லிவிட்டு, விடியற்காலையில் பிடித்த வஞ்சிரத்தை அடுத்த பழசாக ரோசியின் ஐஸுக்குள் இறக்கினாள்.