மின்டியின் வயிற்றில் விழுந்த நிழல்

மின்டி நாயின் வயிற்று மயிரை மழித்து, பசை தடவி, ஸ்கேன் கருவியை அழுத்தினார் கால்நடை டாக்டர் ரொவெனா. ஆட்டுப்பண்ணைக்காரர் டேரில் அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். இந்த நாய் போனால் இரண்டாயிரம் ஆடுகளை யார் மடக்குவது?

திரையைப் பார்த்த டாக்டரின் முகம் வெளிறியது.

"குடல் பக்கத்துல என்னமோ இருக்கு. பின்னால கறுப்பா நிழல் விழுது. உடனே தெறக்கணும்."

"மறுபடியுமா? போன மாசம்தான கர்ப்பப்பைய எடுத்துத் தைச்சீங்க!"

டாக்டர் திரையைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என் தப்புதான் டாக்டர். கறி சுட்ட அன்னிக்கு முழு மக்காச்சோளக் கதிரைத் தூக்கிப் போட்டுட்டேன்."

டாக்டர் நீளமாக மூச்சுவிட்டார். "அதான பாத்தேன்! சோளக் கதிரேதான். அறிவிருக்கா உங்களுக்கு?"

அறுவை முடிந்து மின்டி பிழைத்துக்கொண்டது. வயிற்றிலிருந்து எடுத்ததைப் பார்க்கக் கேட்டார் டேரில். குப்பைக்குப் போய்விட்டதாம்.

வீட்டுக்கு வந்து, மனைவி லினெட்டிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார்.

"அட, அந்தக் கதிரை அப்பவே அது வாயிலேர்ந்து பிடுங்கிக் கோழிக்குப் போட்டுட்டேனே!" என்று சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"டேரில்... போன மாசம் அந்த டாக்டரம்மா உள்ள எதை வெச்சுத் தைச்சாங்க?"