பால் பொங்குது, அம்மணி

கல்யாணமாகிப் போன மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ரேடியோ ரிப்பேர் செய்யும் கருவிப்பெட்டியை அப்பாவின் மேசைமேல் வைத்தாள்.

"இனிமே எனக்கு இது வேண்டாம்ப்பா. யாருக்காவது குடுத்துடுங்க."

"ஏன், மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா?"

"அவர் பாவம். இணையத்துல ஒரு குழுவில சேர்ந்திருக்கேன். நேத்து ஒருத்தர் சொன்ன ரிப்பேர் தப்புன்னு எழுதினேன். பொம்பளைன்னு தெரிஞ்சதும் கேவலமாப் பேசிட்டார். அறுபது பேர் சிரிச்சிருக்காங்க."

அப்பாவுக்குக் காதெல்லாம் சூடேறியது. அவர் வீட்டுப் பெண்ணை ஒருவனும் ஒரு சொல் சொன்னதில்லை இதுவரை.

"எந்தப் பொறுக்கிப் பய அவன்? அக்கா தங்கச்சியோட பிறந்திருந்தா இப்படிப் பேசுவானா? அவனை வளர்த்த லட்சணம் அப்படி."

"விடுங்கப்பா. அங்க யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது, எனக்கும்தான்."

"போனைக் கொடு. குடும்ப மானத்துல கை வச்சவனைச் சும்மா விடமாட்டேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாருங்க அம்மணி. ரேடியோவை ஆம்பளைங்க பாத்துக்கறோம். இப்படிக்கு, வால்வு வாத்தியார்.'

போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். தன் போனை எடுத்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி வெகுநேரம் குத்தினார்.

மகளின் போன் ஒலித்தது. வால்வு வாத்தியார் எழுதியிருந்தார்.

'அந்த அம்மணி என் மகள். அவள் சொன்னதுதான் சரி. நேத்து சிரிச்ச அறுபது பேரும் இப்ப என்னைப் பாத்துச் சிரிங்கடா.'