மாமியார் ஊற்றிய டீ

"இதுக்குப் பேரு டீயா? பாத்திரம் கழுவின தண்ணி தேவலாம்!"

ரபிகா கிண்ணத்தை, வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்த சமோவார் பக்கத்தில் நங்கென்று வைத்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெண்கள், வாயில் போட்ட பவுர்சாக் பணியாரத்தை மெல்லக்கூட மறந்து மருமகளைப் பார்த்தார்கள்.

"சமோவார் பக்கமே வராதே. நானே ஊத்திக்கறேன். உள்ளே போ!"

ரௌஷன் எழுந்து போனாள். கதவைச் சாத்தும்போது உறவுக்காரி மக்பாலின் குரல் கேட்டது. "பாவம் இந்தப் பொண்ணு. நம்ம ரபிகாவுக்கு வயசாக வயசாக நாக்கு நீளுது."

ரௌஷனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கப்சகாய் ஏரியில் அவளுக்குப் போட்டி. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக. விடியலில் தண்ணீரில் இறங்கினால் முடிக்கும்போது இருட்டிவிடும். மருந்துக்கடை வேலைக்கும் போய்க்கொண்டு, ஒரு வருஷமாக உடம்பைப் பிழிந்திருக்கிறாள்.

இது கடைசி வாரம். கடைக்கு லீவு போட்டிருந்தாள். கோச் வாதிம் பயிற்சியை ஏறக்குறைய நிறுத்தியே விட்டார்.

"இனிமே நீ செய்ய வேண்டியது ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான்," என்றார் போனில். "உழைச்ச உடம்பு இப்பதான் தேறும். காலை நீட்டிப் படு. இந்த வாரத்தைக் கெடுத்துக்கிட்டா வருஷம் பூரா பட்ட பாடு வீண்."

அவர் சொல்லிவிட்டார். ஓடிப் பழகின உடம்பு சும்மா கிடக்குமா? இல்லாத முழங்கால் வலியெல்லாம் வந்தது. ஒரு தும்மல் போட்டால் நிமோனியா என்று பயமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் ஊரிலிருந்து மாமியார் வந்து இறங்கினாள். அவள் வந்தால் அல்மாட்டியில் இருக்கிற சொந்தம் பூராவும் அவளைப் பார்க்க வரும். வந்தவர்களுக்கு டீ ஊற்ற வேண்டியது மருமகள். ஒவ்வொருத்தியும் பத்துக் கிண்ணம் குடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள்.

அதையும் ரௌஷன் பொறுத்துக்கொண்டாள். திட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் பால் அதிகம், மறுநாள் பால் குறைவு. தினமும் நாலு பேர் முன்னால் அதே "உள்ளே போ!"

"நான் போட்டிக்குப் போறது உங்கம்மாவுக்குப் பிடிக்கலை. அதான் மானத்தை வாங்கறாங்க," என்று புருஷனிடம் சொன்னாள்.

எர்லான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா அப்படித்தான், விடேன்." டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ரௌஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோச் சொன்னதைக் காற்றில் விட்டாள். அடுப்படியில் நின்று, பிடிக்காததைக் கொட்டி, மறுபடி போட்டு, வாசனையே ஆளைத் தூக்குகிற டீயோடு கூடத்துக்குப் போனாள்.

ரபிகா ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாயும் குடித்தாள்.

"கசக்குது!"

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் மக்பால்.

"உன் நாக்கு செத்துப்போச்சு. ரௌஷன், நீ உள்ளே போ!"

உள்ளே போனவள் பெட்டியை எடுத்துத் துணிகளை அடைக்க ஆரம்பித்தாள். போட்டி முடிந்ததும் நேராக அம்மா வீடுதான். இனி இந்த வீட்டு சங்காத்தமே வேண்டாம்.

வாசல் பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். மற்ற பெண்களெல்லாம் முணுமுணுத்தபடி படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். மக்பால் மட்டும் செருப்பை மாட்டியபடி மூச்சிரைக்க நின்றாள்.

"உன் மாமியாருக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சும்மா! எங்களுக்கு டீ ஊத்தறா, எப்படி? கிண்ணம் வழிய வழிய! அரைக்கிண்ணமா ஊத்தினா 'இன்னும் இருங்க'ன்னு மரியாதை. வழிய ஊத்தினா 'குடிச்சிட்டு நடையைக் கட்டு'ன்னு அர்த்தம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! அன்னிக்கு ஏதோ கை தவறிடுச்சுன்னு விட்டேன். நேத்து வந்தவங்களுக்கும் இதே கதிதானாம். விருந்தாளியைக் கவனிக்கறதுல ரபிகாவை மிஞ்ச ஆளில்லைன்னு ஊரே சொல்லும். அந்தப் பேரை ஒரே வாரத்துல தொலைச்சுட்டா. இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

ரௌஷன் அப்படியே நின்றாள். இந்த வாரம் முழுக்க வந்த கூட்டம் வந்த வேகத்தில் கிளம்பிப்போனதும், மிச்சப் பொழுதெல்லாம் தான் காலை நீட்டிப் படுத்துக் கிடந்ததும் அப்போதுதான் மனசில் பட்டது. கூடத்துக்குப் போனாள்.

ரபிகா தனியாக உட்கார்ந்து, ரௌஷன் போட்ட டீயை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, வேணும்னேதான் பண்ணீங்களா?"

"பின்னே? எங்கப்பா பந்தயக் குதிரை வளர்த்தவர். ஓட்டத்துக்கு முந்தின வாரம் குதிரையை எவனாவது வேலைக்கு இழுத்தா சவுக்கைத் தூக்கிடுவார். உன்னைப் படுக்க வைக்க நான் படாத பாடு படறேன். நீ என்னடான்னா அடுப்படியில நின்னு இப்படியொரு டீயைப் போட்டு, அதையும் குறை சொல்ல வெச்சுட்டியே, பாவி!"

ரௌஷனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. குனிந்து கிண்ணங்களை எடுக்கப் போனாள்.

"வை கீழே!"

"அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே அத்தை? உங்க பேரு இப்படிக் கெட்டுப்போச்சே."

"மருமக காலை நீட்டிப் படுத்திருக்கான்னு சொன்னா, ஆயுசுக்கும் உன்னைப் பேசியே கொன்னுடுவாங்க," என்றாள் ரபிகா, கிண்ணங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "மாமியார் பொல்லாதவன்னு சொன்னா, யாருக்கும் அது ஒரு சேதியே இல்லை. போ, போய்ப் படு!"