ஆடாத கால்

"காலை ஆட்டாதீங்க சார்! மேஜை மேல இருக்கற டம்ளரே தாளம் போடுது!"

பயிற்சியாளர் அதட்டியதும் பாம்புப் பண்ணை மேலாளர் முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தார். கையை எடுத்தார். கால் மறுபடி ஆடத் தொடங்கியது.

நேற்று கூண்டைச் சுத்தம் செய்தபோது நழுவிய நாகம் இன்னும் சிக்கவில்லை. பண்ணையில் அதற்கு 'மகாராணி' என்று செல்லப் பெயர். பெயருக்கேற்ற விஷம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. சற்று நேரத்தில் மேலாளர் தன் அறையிலிருந்தே நேரலையில் பேச வேண்டும். ஊருக்குப் பயம் தெளிந்தால் பிழைத்தார். உளறிக் கொட்டினால் பண்ணைக்குப் பூட்டு, அவர் வேலைக்கு வேட்டு என்று மேலிடம் சொல்லிவிட்டது. அவருக்குப் பேசக் கற்றுக்கொடுக்கத்தான் இந்த அம்மாவை அவசர அவசரமாக வரவழைத்திருந்தார்கள்.

"பாம்பு பிடிக்கறதுல இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நடுங்கினதில்ல மேடம். இந்தக் கேமராவைப் பார்த்தாதான் உதறுது."

"பாம்பின் கால் பாம்பறியும்னு சொல்வாங்க. உங்க காலை இன்னிக்கு ஊரே அறியப் போகுது!"

கேமராக்காரர் களுக்கென்று சிரித்தார். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. ஜன்னலில் தொங்கிய கனமான கறுப்புத் திரையை உருவி, மேஜையின் முன்பக்கம் தரை தொடும்படி தொங்கவிட்டார்.

"இனிமே கால் தெரியாது. ஆனா கால் ஆடினா தோளும் ஆடும். தோள் ஆடினா, 'இந்தாளு பொய் சொல்றான்'னு ஜனங்க முடிவு கட்டிடுவாங்க. சரி, இப்போ நான்தான் நிருபர். பாம்பு எங்க இருக்கு?"

"யாருக்குத் தெரியும்?"

"கிழிஞ்சுது போங்க! 'தேடிக்கிட்டிருக்கோம்'னு சொல்லுங்க. எங்கெங்க தேடறீங்க?"

"கதகதப்பா, இருட்டா இருக்கற இடத்துலெல்லாம்."

"சபாஷ். ஆனா ஒண்ணு. பாம்பு வெளியே போகலைன்னு மட்டும் உறுதி குடுத்துடாதீங்க. நாளைக்கு அது யார் வீட்டுச் சமையலறையிலயாவது தலையைத் தூக்கிச்சுன்னா உங்க தலை உருண்டுடும். ஜனங்களுக்கு என்ன சொல்லணும்?"

"பாம்பைப் பார்த்தா அசையாதீங்க. கத்தாதீங்க. எங்களுக்குத் தகவல் குடுங்க."

"அதைச் சிரிச்ச முகமா சொல்லணும். வானமே இடிஞ்சு விழுந்தாலும் கண்ணு கேமராவை விட்டு நகரக் கூடாது. புரியுதா?"

கேமராக்காரர் பெரிய விளக்கை மேஜைப் பக்கம் திருப்பிப் போட்டார்.

"யப்பா! அடுப்புக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கே!" என்று மேலாளர் நெற்றியைத் துடைத்தார்.

"உஷ்! ஆரம்பிக்கப் போறாங்க."

கேமரா வயர் நுழைந்திருந்ததால் கதவை முழுக்கச் சாத்த முடியவில்லை. ஒருக்களித்து வைத்துவிட்டுப் பயிற்சியாளர் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார்.

நேரலை தொடங்கியது. முதல் கேள்விக்கே மேலாளர் மென்று விழுங்கினார். தோள் குலுங்கியது. பயிற்சியாளர் நகத்தைக் கடித்தார். போச்சு, எல்லாம் போச்சு!

இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கயிற்றை அறுத்ததுபோல் ஆட்டம் நின்றது. தோள் அசையவில்லை. டம்ளர் தண்ணீரில் ஒரு சலனமில்லை. குரல் இறங்கி, நிதானமாகி, தாலாட்டு மாதிரி வந்தது. உதட்டில் புன்னகை. கண் கேமராவிலேயே குத்திட்டு நின்றது.

பயிற்சியாளருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எத்தனையோ பேரைப் பழக்கியிருக்கிறார். யாரும் இப்படிக் கண்மூடித் திறப்பதற்குள் சிலையானதில்லை. இந்த மனிதருக்குள் என்ன புகுந்துவிட்டது?

"பாம்பு ஊருக்குள்ள வந்துடுச்சோன்னு ஜனங்க பயப்படறாங்களே சார்?" என்று ஒலிபெருக்கியில் நிருபரின் குரல் கேட்டது.

"வரலைங்க. எங்க பண்ணைக்குள்ளதான் இருக்கு. இது உறுதி."

பயிற்சியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். எதைச் சொல்லாதே என்றாரோ, அதையே சொல்லித் தொலைத்துவிட்டார்!

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"அது என் பொறுப்புங்க. பிள்ளைங்களை வெளியே விளையாட அனுப்புங்க. ஒண்ணு மட்டும் எப்பவும் ஞாபகம் வெச்சுக்குங்க. பாம்பைப் பார்த்தா அசையாதீங்க. கத்தாதீங்க. தகவல் குடுங்க."

இத்தனை நேரம் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்த வரிகள்தான். இப்போது ஒவ்வொரு சொல்லும் அடிவயிற்றிலிருந்து வந்தது.

பேட்டி முடிந்தது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்திருப்பதாகக் கேமராக்காரர் கைப்பேசியைக் காட்டினார். பிறகு விளக்கை அணைக்கக் கை நீட்டினார்.

"அணைக்காதீங்க" என்றார் மேலாளர், அதே புன்னகையோடு.

பயிற்சியாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேட்டி முடிஞ்சாச்சு சார், சிரிச்சது போதும்! யாரைக் கேட்டு உறுதி குடுத்தீங்க? ஊரையே ஏமாத்திட்டீங்களே! அது வெளியே போகலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேலாளர் எழுந்திருக்கவில்லை. அவர் கண்கள் இன்னமும் கேமராவை விட்டு நகரவில்லை.

"கத்தாதீங்க மேடம்" என்றார், உதடு பிரியாமல். "ரெண்டு பேரும் பூனை மாதிரி வெளியே போய், கொக்கிக் கம்போட யாரையாவது அனுப்புங்க. மகாராணி என் கால்லதான் சுத்திக்கிட்டுப் படுத்திருக்கா."