மூச்சுக்கு ஒரு பேட்டரி

உலகத்துக்குத் தூக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்களே தறிக்காரர்கள்தான் என்பது குமாரபாளையம் ஜீவானந்தத்தின் தீர்மானம்.

“எட்டுத் தறிச் சத்தத்துல பொறந்தவன் நான். தறி நின்னாத்தான் முழிப்பே வரும். அப்பேர்ப்பட்ட என்னையே உன்ற மெஷினு கண்ணு மூட உடமாட்டேங்குது புள்ள!”

அவர் மனைவி தேவகிக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் வியாதி. மூக்கில் காற்றை ஊதும் மெஷினின் முகமூடியை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “நீங்க தூங்காட்டி கொட்டாவிதான் வரும். நான் இதைக் கழட்டுனா மூச்சே வராதுங்க. கரண்டு போனாலும் ஓடறதுக்கு ஒரு இன்வெர்ட்டர் வாங்குங்க.”

“மூச்சு உடறதுக்குப் பேட்டரியா? ஊரே சிரிக்கும்!”

ஞாயிறு மதியம் இருவரும் படுத்திருந்தபோது கரண்டு போனது. மெஷினின் உஸ்ஸென்ற சத்தம் நின்றதும் ஜீவானந்தம் துள்ளி எழுந்து அவளை உலுக்கினார்.

“மூச்சு உடு புள்ள!”

தேவகி முகமூடியைக் கழற்றினாள்.

“ஏனுங்க, கண்ணே மூட முடியலைன்னீங்க. இப்ப எதுலிருந்து எந்திரிச்சீங்க?”

ஜீவானந்தம் சட்டையை மாட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் பேட்டரிக் கடைக்குக் கிளம்பினார்.