ஐதராபாத் ரயில்

தாம்பரம் ரயில் நிலையத்தில் பெட்டியோடு நின்றாள் சுஜி. இதுவரை தனியாக எங்கும் அனுப்பியதில்லை.

"பருப்புப்பொடி இந்தப் பையில இருக்கு. வேலை மும்முரத்துல சாப்பிடாம இருந்துடாதே."

"சரி."

"அங்க என்ன வேலைன்னு கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"வானத்துலேர்ந்து வர்ற ரேடியோ அலைகளைப் படமாக்குவாங்க. நம்ம செல்போன் சிக்னலும் அதுல கலந்துடும். எது நட்சத்திரம், எது குப்பைன்னு கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுக்கணும்." உற்சாகமாகச் சொன்ன முகம் சட்டென்று வாடியது. "நான் போய்த்தான் ஆகணுமா? உன்னை விட்டுட்டு எப்படி இருப்பேன்?"

"அப்பா இருக்காரு, நான் இருக்கேன். வீட்டை நாங்க பார்த்துக்கறோம்."

ரயில் ஊதியது. சுஜி பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"நான் பொறந்தப்ப பாதியில விட்ட ஆராய்ச்சிம்மா இது. இந்தத் தடவை என்னைப் பத்தி நினைக்காம முடிச்சுட்டு வா."

அம்மா இருபது வயது மகளின் கன்னத்தைத் தடவிவிட்டு ஏறிக்கொண்டாள்.

ரயில் கண்ணுக்கு மறையும்வரை சிரித்தபடி கையசைத்த சுஜி, பிறகுதான் பக்கத்தில் நின்ற அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதாள்.